இரண்டு வள்ளிகள்

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, ஏழாந் தரத்திலே கற்கும் எமது பேர்த்தி, பாடசாலைக் கொப்பியொன்றைக் கையிலேந்தியவளாய் எம்மிடம் வந்தாள். "அப்பப்பா, வீட்டுத் தோட்டத்தில் உணவுப் பயிர் ஒன்று நட்டு, அதைப் பற்றி எழுத வேண்டுமாம். கிணற்றடியில் ஒரு துண்டு நிலந்தானே இருக்கிறது? மரவள்ளி நடுவதா, இராசவள்ளி நடுவதா? இரண்டில் எது நல்லதெண்டு சொல்லுங்கோ, காரணமும் வேணும்" என்றாள்.

அவள் கூறியது உண்மையே. ஒரு காலத்தில் ஆறு பரப்பாக இருந்த எமது வளவு, பங்கு பிரிந்தும் சீதனமாகப் போயும், புதிய வீட்டுக்கு இடம் விட்டும், இன்று கிணற்றடியில் நான்கு பாய் விரிக்கத்தக்க செம்மண் துண்டாகக் குறுகி நிற்கின்றது. நகர்ப்புறத்து நேயர்கள் பலருக்கு அவ்வளவுதானும் இராது. ஆதலின் எதனை நடுவது என்பது விளையாட்டு வினா அன்று. பேர்த்திக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. இரண்டு கிழங்குகளோடும் ஐம்பது ஆண்டுக் காலப் பழக்கம் எமக்கு உண்டு. அப்பழக்கத்தில் அறிவும் உண்டு. நாணத்தக்க ஒரு நினைவும் உண்டு. அவளுக்குச் சொன்னவற்றையும் சொல்லாது விட்டவற்றையும் இங்கே எழுதுகின்றோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். வள்ளி என்றால் கொடி. வள்ளிக்கிழங்கை அகழ்ந்த குழியிலே கண்டெடுக்கப்பட்டமையால் வள்ளியம்மைக்கு அப்பெயர் வந்ததென்று கந்தபுராணம் கேட்டு வளர்ந்தவர்கள் அறிவர். இராசவள்ளி மெய்யாகவே கொடி. அந்தப் பழைய வள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மரவள்ளியோ கொடியன்று, ஆளுயரத்துக்கு மேல் வளரும் செடி. ஆமணக்கும் இறப்பர் மரமும் அதற்கு உறவினர். அதன் தண்டைக் கீறினால் பால் வடிவதைக் காணலாம். பெயரளவில் உடன்பிறந்தாராகத் தோன்றும் இவ்விரண்டும் பிறப்பினால் எவ்வகை உறவும் அற்றவை.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசன் ஆற்றங்கரை மக்கள் அதைத் துருவிப் பிழிந்து வறுத்து உண்ணும் வழக்கம் மிகத் தொன்மையானது. போர்த்துக்கேயர் அதனை ஆபிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் ஆசியாவுக்கும் வந்தது. அண்டை நாடாகிய திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், மக்கள் பஞ்சத்தால் வாடாதிருக்கும் பொருட்டு இக்கிழங்கைப் பயிரிட ஊக்கமளித்தார். 1942ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றி, அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, கேரளத்தையும் எமது இலங்கையையும் தாங்கிய உணவுகளுள் மரவள்ளி முதன்மையானது. பஞ்சம் வந்தபோதெல்லாம் முன்னின்று உதவியதனாலேயே போலும், பஞ்சம் நீங்கியதும் அதனை ஏழையின் கிழங்கென்று எம்மவர் ஒதுக்கிவிடுகின்றனர்.

அதனை நடுவது மிக எளிது. முற்றிய தண்டை ஏறத்தாழ 8 அங்குலத் துண்டுகளாக வெட்டி, கணுக்கள் மேல்நோக்கி நிற்க, 3 அடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். வேர் பிடிக்கும் வரை சிறிது நீர் வேண்டும். அதன்பின் வறட்சிக்கு அது அஞ்சாது. கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாய் நிற்கும். மழை கண்டதும் மீண்டும் தளிர்க்கும். நீர் தேங்குவதையே அது பொறுக்காது. 8 முதல் 10 மாதங்களிற் கிழங்கு முற்றும். தேவை இல்லையேல் இன்னும் சில மாதம் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். ஓராண்டுக்கு மேல் விட்டால் நாரோடிப்போகும்.

இங்கே மாணவர்கள் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. மரவள்ளியில் நாம் உண்பது பருத்த வேர். அதில் முளைக்கும் கண்கள் இல்லை. ஆகவே கிழங்கை நட்டால் முளைக்காது, தண்டே முளைக்கும். உண்ணும் பகுதி வேறு, நடும் பகுதி வேறு. ஆகையினால், பசித்த குடும்பமொன்று ஒரு கிழங்கும் மிச்சமின்றித் தின்றுவிட்டாலும், மறுநாட் காலையில் அதே தண்டை வெட்டி மீண்டும் ஊன்றலாம். வயிற்றுக்கும் விதைக்கும் இடையே வழக்கு எழாத பயிர் அது. பஞ்ச காலத்தில் அதற்கு ஈடு வேறில்லை என்பதன் காரணம் இதுவே.

ஆயினும் அதனிடம் ஒரு குற்றம் உண்டு. அதனை நாம் புத்தகத்திற் படித்து அறிந்தோமல்லோம்.

1973ஆம் ஆண்டு. நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு நிலவியது. பாணுக்கு விடியுமுன்னரே வரிசையில் நின்ற காலம் அது. எமக்கு வயது பதினொன்று. வீட்டில் மரவள்ளியே பெரும்பாலும் இரவு உணவு. எமது தாயார் பால் தரும் வெள்ளாடு ஒன்றை வளர்த்து வந்தார். ஒரு நாள் அவர் கிழங்கைச் சீவிக் குவித்திருந்த தோலைக் கண்ட நாம், வீணாகப் போகின்றதே என்று எண்ணி, அதைக் கடகத்தில் அள்ளிச் சென்று ஆட்டின் முன் கொட்டினோம். ஆடு ஆவலோடு தின்றது. ஒரு மணி நேரத்துள் அதற்கு மூச்சு இரைத்தது, கால்கள் நடுங்கின, பூவரச மரத்தடியில் விழுந்து துடித்து இறந்துபோயிற்று. தாயார் ஓடி வந்து பார்த்தார். அழுது நின்ற எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரல்லர். "அறியாமற் செய்தாய், தம்பி. இனி அறிந்துகொள்" என்று மட்டும் கூறி, எம்மை அடுக்களைக்கு அழைத்துச் சென்று கிழங்கைக் கையாளும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

மரவள்ளியின் தோல், கிழங்கு, இலை யாவற்றிலும் லினமரின் என்னும் பொருள் உண்டு. செடியின் பகுதிகள் நசியும்போது அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகின்றது. கிழங்கின் தசையிலும் பார்க்கத் தோலில் அது மிகுதி. கசப்பு இனங்களில் இன்னும் மிகுதி. ஆதலின் தோலைத் தடிப்பாக உரித்தெடுத்து, கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி, நீரில் ஊறவிட்டு, அந்நீரை ஊற்றிவிட்டுப் புது நீரில் மூடாத பானையிலே நன்றாக அவித்து, அவித்த நீரையும் வடித்துவிட வேண்டும். அந்நஞ்சு 26 பாகை செல்சியசிலேயே ஆவியாகும் இயல்புடையது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவியோடு வெளியேறும். எமது தாயார் இவ்விஞ்ஞானத்தை அறியார். ஆனால் அவர் பானையை ஒருநாளும் மூடியதில்லை. கசக்குங் கிழங்கை ஒரு துண்டும் உண்ண விட்டதில்லை. மரவள்ளி உண்ட நாளில் இஞ்சி சேர்த்தால் நஞ்சாகும் என்று எமது நாட்டில் யாவரும் கூறுவர். அவ்வழக்கத்தைக் கைக்கொள்வதால் தீங்கில்லை. ஆனால் இஞ்சியை விலக்கிவிட்டோம் என்ற துணிவில், அரைகுறையாக அவித்த கிழங்கை உண்பது பெருந் தீங்கு. நஞ்சு இஞ்சியால் வருவதன்று, கிழங்கிலேயே இருப்பது.

இன்னுமொரு குறை: மண்ணைவிட்டு எடுத்த மரவள்ளி இரண்டு மூன்று நாட்களுக்குள் உள்ளே நீலக் கோடோடிப் பழுதாகிவிடும். ஈர மணலிற் புதைத்தால் இன்னுஞ் சில நாள் தாங்கும். எடுத்ததை அன்றே அவித்து, செத்தல் மிளகாய்ச் சம்பலோடு உண்டு, மிஞ்சியதை அயலாருக்குக் கொடுத்துவிடுவதே முறை. எமது ஊரில் வேலிக்கு மேலால் மரவள்ளி கைமாறியதற்கு அன்பும் காரணம்; இந்த நீலக் கோடும் காரணம்.

இனி இராசவள்ளியைப் பார்ப்போம். இதன் ஊதா நிறக் கிழங்கைக் கண்டவர் மறவார். பிலிப்பைன்சு மக்கள் ஊபே என்று போற்றுவதும், சிங்கள மக்கள் இராஜ அல என்று அழைப்பதும் இவ்வினத்தையே. எல்லா நாட்டாரும் இதற்கு அரச மரியாதை அளிக்கவில்லையாயினும், யாழ்ப்பாணத்தார் அளித்தனர். தேங்காய்ப் பாலும் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, கிழங்கை மசித்துக் காய்ச்சும் கஞ்சியின் மணத்தை வெளிநாடுகளிலே வாழும் எம்மவர் எண்ணி ஏங்குவதை நாம் நேரிற் கேட்டுள்ளோம். அந்த ஊதா நிறத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள். அவித்த நீரில் தேசிக்காய்ப் புளி சில துளி விட்டால் நீர் செந்நிறமாக மாறும். மாணவர்கள் செய்து பார்க்கலாம். உடல் உழைப்பாளிக்கு மரவள்ளி கூடுதலான வலுவைத் தரும்: 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரி. வள்ளிக்கிழங்கில் ஏறத்தாழ 120 கலோரியே உண்டு. இரண்டிலும் புரதம் சொற்பம். ஆதலின் மீனோ பருப்போ கூடச் சேராத உணவு, குழந்தைகளுக்கு நிறைவான உணவாகாது.

இராசவள்ளியின் தண்டு நாற்பட்டையானது. பட்டைகளின் ஓரத்தில் மெல்லிய சிறகு ஓடும். இலை இதய வடிவினது. ஒருவித்திலைத் தாவரமாயிருந்தும் அதன் இலை நரம்புகள் வலைபோற் பின்னியிருக்கும். பாடப் புத்தக விதிக்கு இது ஒரு விலக்கு. சித்திரை வைகாசியில் முழ ஆழக் குழி வெட்டி, சருகும் மாட்டெருவும் மேல்மண்ணும் இட்டு நிரப்பி, குவித்து, அதில் கிழங்குத் துண்டை நடவேண்டும். கொடி படர வேலியோ மரமோ வேண்டும். கொடியை அடிக்கடி பார்த்து ஏற்றிவிட வேண்டும். மார்கழி கழிந்து இலை மஞ்சளித்துக் கொடி காய்ந்ததும், தை மாசியில் அகழலாம். அலவாங்கால் அவசரமாகக் குத்துபவர் கிழங்கைக் காயப்படுத்துவார். கையால் மண் விலக்குபவரே முழுக் கிழங்கைக் காண்பார். தோல் சீவும்போது கை கடிக்கும். தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வது நன்று. காயமற்ற கிழங்கைக் காற்றோட்டமான நிழலில் வைத்தால் மூன்று மாதத்துக்கு மேல் கெடாதிருக்கும். மரவள்ளி இரண்டு மூன்று நாள். இராசவள்ளி மூன்று மாதம். இஃது பெரிய வேறுபாடன்றோ?

ஆனால் அதனிலும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இராசவள்ளியில் உண்ணும் பகுதியே நடும் பகுதி. கொடியோடு ஒட்டியிருந்த மேற்பகுதியை எமது ஊரில் தலை என்போம். அத்தலையே விரைவாகவும் உறுதியாகவும் முளைக்கும். ஆகவே ஒவ்வொரு கிழங்கிலும் ஒரு பங்கை உண்ணாமல் ஒதுக்கிவைத்தால்தான் அடுத்த ஆண்டு கிழங்கு உண்டு. வயிற்றுக்கும் விதைக்கும் இங்கே வழக்கு எழும்.

அவ்வழக்கு எமது வீட்டில் 1991இல் எழுந்தது. வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்த காலம். சீனியும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அரும்பொருள்களாயின. சித்திரை மாதத்தில் எமது மகனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வயதுக் குழந்தை. நான்கு நாள் ஒன்றும் உண்ணாதிருந்தவன், ஐந்தாம் நாள் இராசவள்ளிக் கஞ்சி வேண்டுமென்று அழுதான். அடுக்களைப் பரணில் இருந்த கடகத்தில் கிழங்கு முடிந்துவிட்டது. ஏழு தலைகள் மட்டும் இருந்தன. அவற்றில் இரண்டை அவிக்கும்படி நாம் கூறினோம். தாயார் இசைந்தாரல்லர்.

"தலையிலை கைவைக்கக் கூடாது, தம்பி. இண்டைக்கு அழுவான், நாளைக்கு மறந்துபோவான். இதை அவிச்சால் வாற வருசம் ஆர் தருவினம்?" என்றார்.

எமக்குச் சினம் மூண்டது. "உங்களுக்குப் பேரனைவிடக் கிழங்கு பெரிதாய்ப் போச்சு" என்று கூறிவிட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. கோடிப்புறம் சென்று ஒரு மரவள்ளியைக் கிண்டி, முறைப்படி அவித்து, பனங்கட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்த்து மசித்துக் கொண்டுவந்து, "ராசாவுக்கு வெள்ளை ராசவள்ளி" என்று சொல்லி மடியில் வைத்து ஊட்டினார். குழந்தை உண்டான். அடுத்த வாரம் ஏழு தலைகளும் வேலியோரம் நடப்பட்டன. ஆட்டைக் கொன்ற எம்மை ஒரு சொல்லாலும் நோகாத தாயாரை, நாம் அந்த ஒரு சொல்லால் நோகவைத்தோம். அதனைத் திருப்பி எடுத்துக்கொள்ள எத்தனையோ நாள் இருந்தது; பிறகு சொல்லலாம் என்றிருந்தோம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் புறப்பட்டதை நேயர்கள் அறிவர். மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். துவிச்சக்கர வண்டியில் ஒரு மூட்டையும் தாயாரும். மகன் மனைவியின் கையில். ஐப்பசி மாதமாதலால் கிழங்கு முற்றவில்லை, கொடி பச்சையாயிருந்தது. "தலை எல்லாம் மண்ணுக்குள்ளை" என்று வழியில் ஒருமுறை தாயார் சொன்னார். கவலையாற் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்பதை நாம் கேட்கவில்லை. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். அங்கே, 1996 தை மாதத்தில், நெஞ்சிற் சளி கட்டி அவர் காலமானார்.

அவ்வாண்டு சித்திரை இறுதியில் நாம் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் இல்லை. மரவள்ளியை யாரோ கிண்டி எடுத்திருந்தார்கள். எம்மைப் போலவே பசித்தவராயிருக்கலாம். குறைகூற மனம் எழவில்லை. அவர் எறிந்துவிட்டுப் போன தண்டுகளுள் இரண்டு, மண்ணில் கிடந்தபடியே துளிர்த்திருந்தன. பின்னர் வேலியோரம் சென்றோம். ஒருவரும் அகழாத, ஒருவரும் நடாத இராசவள்ளி, காய்ந்த பழங்கொடிகளுக்கு நடுவே, சித்திரை மழைக்குத் தானாகவே முளைத்து, சாய்ந்துபோன கதியாலிற் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து இடங்களில் முளைத்திருந்தது. எண்ணினோம், மறுபடியும் எண்ணினோம். மனைவி வந்து அழைக்கும் வரை அவ்விடத்திலேயே இருந்தோம்.

1997 தை மாதத்தில் அக்கிழங்குகளை அகழ்ந்தோம். தாயாரின் ஆண்டுத் திவசமும் அம்மாதமே வந்தது. படையலில் இராசவள்ளிக் கஞ்சி வைத்தோம். தலைகளை முன்னதாகவே வெட்டி ஒதுக்கிவைத்துவிட்டோம்.

அதன்பின் ஆண்டுகள் பல கழிந்தன. கடைகளில் யாவும் கிடைத்தன. வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்காயிற்று. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு வயல்கள் விளைச்சல் குன்றின. 2022இல் நாடு கடனிலும் வரிசைகளிலும் மூழ்கியது. அவ்வாண்டு செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. அரசாங்க ஊழியர் வீட்டுத் தோட்டஞ் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் அமைச்சரவை இசைந்தது. அப்போது பலர் எம்மிடம் மரவள்ளித் தண்டு கேட்டு வந்தனர். தண்டு கொடுத்தோம், தோலை ஆட்டுக்குப் போடாதீர்கள் என்று தவறாமற் சொல்லியும் அனுப்பினோம். இராசவள்ளித் தலை கேட்டவர் இருவரே. அது கிழங்காவதற்கு ஒன்பது மாதம் என்றதும் ஒருவர் பின்வாங்கினார். மரவள்ளியும் அநேகமாக அவ்வளவு காலமே எடுக்கும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே பேர்த்திக்கு நாம் கூறிய விடை இது. நிலம் வறண்டதா, நீர் ஊற்ற நேரமில்லையா, முதன்முதலாகத் தோட்டஞ் செய்பவரா, வீட்டில் உண்ணும் வாய் அதிகமா? மரவள்ளியை நடுக. அது மன்னிக்கும் பயிர். ஆனால் அடுக்களையில் அதற்கு அவதானம் வேண்டும். ஆடும் சிறுபிள்ளையும் உள்ள வீட்டில் இரட்டிப்பு அவதானம் வேண்டும். வேலியோ முருங்கையோ பக்கத்தில் உண்டா, எரு உண்டா, பொறுமை உண்டா? இராசவள்ளியை நடுக. அதற்குத் தனியாக நிலம் வேண்டியதில்லை. குழி ஒன்றும் ஏறுவதற்கு ஒரு துணையும் போதும். எமது கிணற்றடிக்கு இரண்டுமே பொருந்தின. நடுவில் மரவள்ளித் தண்டு ஆறு ஊன்றினோம். வேலியோரம் இரண்டு குழி வெட்டினோம். ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்ன ஆசிரியருக்கு இவ்விடை உகக்குமோ என்று பேர்த்தி ஐயுற்றாள். காரணங்களை ஒழுங்காக எழுது, உகக்கும் என்றோம்.

இவ்வாண்டு தை பிறந்தபின் அவளே மண் விலக்கிக் கிழங்கை எடுத்தாள். ஒரு குழியில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல்; மற்றதில் அதிலும் குறைவு. கிழங்கைக் கழுவிப் பலகையில் வைத்து, தலையை வெட்டக் கத்தியை எடுத்தாள். கஞ்சிக்குக் கூடுதலாக வரட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கத்தியை மிக மேலே வைத்தாள்.

"அவ்வளவு போதாது, பிள்ளை. இன்னும் நாலு விரல் கீழை வெட்டு" என்றோம்.

ஏன் என்று கேட்டாள். முளைக்கிற கிழங்குக்கும் சாப்பாடு வேண்டுமல்லவா என்றோம். நாலு விரல் அளந்து வெட்டினாள். வெட்டிய முகத்திற் சாம்பலைத் தடவி, இரண்டு தலைகளையும் பரணிலுள்ள கடகத்தில் வைத்திருக்கின்றோம். சித்திரை மழைக்குக் காத்திருக்கின்றன.